டீசல் கணக்கு இறங்கினால் லொறி படுக்கப் போகிறது: மட்டக்களப்பு, அம்பாறை லொறிக்காரர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

களுவாஞ்சிக்குடி லொறிக்காரன் | ஒக்டோபர் 9

வணக்கம். எங்களிடம் ஆறு லொறி ஓடுகிறது. நாலு பத்துத் தொன், அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவது. மற்ற இரண்டும் சின்னது, உள்ளூர் ஓட்டம். டீசலும் கராஜும் எவ்வளவு தின்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் எழுத வந்தது ஒரு கொப்பியைப் பற்றி.

2022 யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. அடுத்த மாதம் கியூஆர் கோட்டைக் காட்டி டீசல் எடுக்கிற பங்கீடு வந்தது. வாரத்துக்கு இத்தனை லீற்றர்தான் என்று ஆனபோது ஒவ்வொரு லொறிக்கும் ஒரு கொப்பி போட்டோம். டாங்கியை வாய்வரை நிரப்பி மீற்றரை எழுதுவது, போய் வந்து அதே எண்ணெய் செட்டில் திரும்ப வாய்வரை நிரப்பி ஓடிய கிலோமீற்றரை லீற்றரால் பிரிப்பது. வேறு ஒன்றும் இல்லை. 2023 செப்டெம்பரில் கியூஆர் நின்றது. கொப்பியை நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் எழுதினோமே தவிர யாரும் எடுத்து வாசிக்கவில்லை.

இந்த மார்ச்சில், வேளாண்மை வெட்டு உச்சத்தில், ஒரு லொறி வெலிக்கந்தைக்கும் புணானைக்கும் இடையில் நின்றுவிட்டது. இரவு பத்தரை. பின் இடது ஹப்பில் (சில்லின் நடுப்பகுதி) இருந்து புகை. பெயரிங் இறுகி, அச்சோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த றோட்டில் இரவில் யானை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். றைவரும் கிளீனரும் விடியும்வரை கபினுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். லொறி திரும்பி ஓட ஐந்து நாள் போனது. அந்த ஐந்து நாளில் அடுத்தவர் லொறியை வாடகைக்குப் பிடித்துத்தான் ஆலைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோம். லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை.

பிறகு அந்த லொறியின் கொப்பியைப் புரட்டினேன். கடைசி நாலு பயணம், லீற்றருக்கு ஓடிய கிலோமீற்றர்: 3.8, 3.6, 3.5, 3.2. பயணத்துக்குப் பயணம் இறங்கியிருக்கிறது. போக வர 640 கிலோமீற்றர் என்று பாருங்கள். 3.8 என்றால் 168 லீற்றர், 3.2 என்றால் 200. ஒரு பயணத்தில் 32 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 9,600 ரூபாய். அந்தக் காசு போனது கூடப் பெரிதில்லை. ஒரு மாதமாக அந்த லொறி தனக்கு வருத்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் கேட்கவில்லை. அதுதான் மனதை அரிக்கிறது.

டீசல் மிச்சம் பிடிப்பது ஒரு வேலை, லொறி நிற்காமல் பார்ப்பது இன்னொரு வேலை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே கொப்பியில்தான் இருக்கிறது. உங்கள் அனுபவம் என்ன? கராஜ்காரர் யாரும் இருந்தால், அந்த ஹப் ஏன் போனது என்று விளக்குங்கள்.

கல்முனை கராஜ் | ஒக்டோபர் 9

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். சனவரி வெள்ளத்தில் அந்த லொறி தண்ணீருக்குள் ஓடியதா? காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம்?

களுவாஞ்சிக்குடி லொறிக்காரன் | ஒக்டோபர் 9

ஓம் காக்கா. அம்பாறைக்கு நெல் ஏற்றப் போன இடத்தில் இரண்டு தரம் ஹப் மூழ்கத் தண்ணீருக்குள் போய் வந்தது.

கல்முனை கராஜ் | ஒக்டோபர் 10

அப்ப விளங்கிவிட்டது. ஓடிச் சூடான ஹப்பும் டிப்ரென்சலும் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது சீல் வழியாகவும், டிப்ரென்சலின் மேலே உள்ள மூச்சுக் குழாய் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கராஜுக்கு வரும் லொறிகளில் டிப்ரென்சல் ஒயிலைக் கழற்றினால் பால் தேத்தண்ணி நிறத்தில் ஊற்றும். அது ஒயில் இல்லை, ஒயிலும் தண்ணீரும் கலந்த குழம்பு. பல்லுக்கு அது ஒரு பாதுகாப்பும் தராது.

உங்கள் லொறியில் அதைவிட முன்னுக்கு நடந்தது பிரேக்கில். எயார் பிரேக் லொறியில் பிரேக் சூவை டிரம்மோடு அழுத்த விரிக்கிற எஸ் கேம் தண்டு ஒரு புஷ்ஷுக்குள் திரும்ப வேண்டும். கிறீஸ் கழுவுப்பட்டு, துரு பிடித்து, அந்தத் தண்டு இறுகியிருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் சூ முழுதாக உள்ளே வராமல் டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். றைவருக்கு அது தெரியாது, லொறி கொஞ்சம் பாரம் என்று மட்டும் நினைப்பார். டீசல் ஏறும். டிரம் சுட்டு, சூடு ஹப்புக்குப் போய், கிறீஸ் உருகி வெளியே வடியும். பிறகு பெயரிங். 3.8 இல் இருந்து 3.6 வந்த நாளில் வந்திருந்தால் ஒரு புஷ்ஷும் கிறீஸும் அரை நாள் வேலையும்தான்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. இருபது கிலோமீற்றர் ஓடி முதலில் நிற்கும் இடத்தில், தேத்தண்ணி குடிக்க இறங்கும்போது, லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுங்கள். புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, தோல் வெந்துவிடும். எல்லாம் ஒரே அளவு சூடு என்றால் சரி. ஒன்று மட்டும் மற்றதைவிடக் கூட என்றால் அங்கே ஒரு வேலை இருக்கிறது. அதே கையால் டயரையும் பாருங்கள். சோடியில் ஒன்று மட்டும் சுட்டால் அதில் காற்று குறைவு, அல்லது பக்கத்து டயரின் பாரத்தையும் அது சுமக்கிறது.

ஏறாவூர் கன்டர் | ஒக்டோபர் 10

டீசல் குழாயில் பூட்டுகிற காந்தம் ஒன்று விற்கிறார்கள், 20 வீதம் மிச்சம் என்று. யாரும் பாவித்திருக்கிறீர்களா? இன்னொன்று, எனது கன்டர் லொறியில் சூடு ஏறுகிறது என்று கராஜ் பாஸ் தேமோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிட்டார். இப்போது ஊசி மேலே ஏறுவதில்லை, நிம்மதியாக ஓடுகிறது. ஆனால் டீசல் முந்தியதைவிடக் கூடத்தான் போகிறது.

கல்முனை கராஜ் | ஒக்டோபர் 11

காந்தத்தை வாங்க வேண்டாம். டீசலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு இரண்டு பில்டர் வாங்குங்கள்.

தேமோஸ்டற் விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பாதி லொறியில் அது இல்லை, எங்கள் தொழிலில் இருப்பவர்களே பழக்கிவிட்ட பிழை இது. டீசல் எஞ்சின் 80 பாகை செல்சியஸுக்கு மேலே இருந்தால்தான் நன்றாக எரிக்கும். தேமோஸ்டற் அந்தச் சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் பிடித்து வைத்திருக்கும், வந்த பிறகு திறக்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிரிலேயே ஓடும். டீசல் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் லைனர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் மெலியும், பிஸ்டன் ரிங் தேயும். டீசல் கூடுவது அதனால்தான்.

சில எஞ்சினில் இதைவிட மோசம். தேமோஸ்டற் திறக்கும்போதே பக்க வழியை அடைக்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். கழற்றிவிட்டால் அந்தப் பக்க வழி திறந்தபடியே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது கழற்றாததைவிடக் கூடச் சூடு வரும்.

உங்கள் கன்டரில் உண்மையான நோய் ரேடியேற்றரில் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவர். அதை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் ரேடியேற்றர் குழாய்க்குள் சட்டி அடியில் பிடிக்கிற மாதிரிச் சுண்ணாம்பு பிடிக்கும். கழற்றி, மேல் கீழ்த் தொட்டியைத் திறந்து, கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு புதுத் தேமோஸ்டற், கூலன்ற், வடித்த தண்ணீர். கூலன்ற் குளிர்ச்சிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், துருவையும் அதுதான் தடுக்கிறது.

வந்தாறுமூலையான் (டொரோண்டோ) | ஒக்டோபர் 11

வாசிக்க வாசிக்க ஊர் ஞாபகம் வருகிறது. நான் இங்கே பதினொரு வருடமாகப் பெரிய லொறி ஓட்டுகிறேன். ஒன்ராறியோவில் லொறிகளின் வேகத்தை 105 இல் கட்ட வேண்டும் என்பது சட்டம். ட்ரெய்லரின் பக்கவாட்டில் காற்றைத் தடுக்கும் பலகை, கபினுக்கு மேலே வளைவுத் தட்டு, இவை எல்லாம் டீசலை நன்றாகக் குறைக்கின்றன. அங்கேயும் கபினுக்கு மேலே ஒன்று பூட்டிப் பார்க்கலாமே?

சம்மாந்துறை ஆலை | ஒக்டோபர் 12

வந்தாறுமூலைத் தம்பி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள். ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 105 இல் உங்களைத் தடுக்கிற காற்று, 50 இல் எங்களைத் தடுப்பதைப் போல நாலு மடங்குக்கும் மேல். எங்கள் லொறி கல்முனை, அக்கரைப்பற்றுச் சந்திகளைத் தாண்டி 50 ஐப் பிடிப்பதே பெரிய காரியம். இங்கே டீசலைத் தின்பது டயரும் பாரமும் நிறுத்தி நிறுத்தி எடுப்பதும்தான். காற்று என்று பார்த்தால் தார்ப்பாயைப் படபடக்காமல் இழுத்துக் கட்டினாலே போதும்.

நான் ஆலையில் லொறி அனுப்புகிற வேலை பார்க்கிறேன். யாரும் சொல்லாத ஒரு செலவு இங்கே இருக்கிறது. வெட்டுக் காலத்தில் ஆலை வாசலில் ஆறு லொறி நின்றால் ஆறும் ஸ்டார்ட்டில் நிற்கும். நின்ற இடத்தில் ஒரு லொறி மணிக்கு இரண்டு லீற்றர் குடிக்கிறது என்று வைத்தால், மூன்று மணித்தியாலக் காத்திருப்பில் ஆறு லொறிக்கும் 36 லீற்றர். ஒரு அங்குலம் நகராமல். இதில் றைவரைக் குறை சொல்ல மாட்டேன், வரிசை எப்போது நகரும் என்று தெரியாவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள். போன போகத்தில் ஒவ்வொரு லொறிக்கும் இறக்குகிற நேரத்தைப் போனில் சொல்லத் தொடங்கினோம். வாசலில் இரண்டுக்கு மேல் நின்றதில்லை.

வந்தாறுமூலையான் (டொரோண்டோ) | ஒக்டோபர் 12

நியாயம் அண்ணன், ஒத்துக்கொள்கிறேன். அப்ப இங்கே உள்ளதில் அங்கே பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். காலையில் லொறியைச் சுற்றிப் பார்த்து, தாளில் எழுதாமல் இங்கே லொறியை எடுக்க முடியாது. வழியில் மறித்தால் அந்தத் தாளைக் கேட்பார்கள். நானே அப்படி ஒரு காலையில் வெடித்த எயார் குழாயைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஐந்து நிமிட வேலை.

பதினெட்டு வளைவு | ஒக்டோபர் 13

நான் அக்கரைப்பற்று. இருபது வருடம் றைவர். மகியங்கனை வழியாகக் கண்டி ஏறி இறங்குவதே எனது ஓட்டம். றைவர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

பழகிய காலத்தில் எனக்குச் சொல்லித் தந்தவர் இறக்கத்தில் நியூட்றலில் விடச் சொன்னார், டீசல் மிச்சம் என்று. அந்த வழியில் உள்ள பதினெட்டு வளைவில் ஒரு மழை நாளில் அப்படி விட்டேன். ஏழாவது வளைவில் பிரேக் பெடல் அடியில் போய் நின்றது, லொறி நிற்கவில்லை. டிரம் சுட்டுப் பிடிமானம் போய்விட்டது. வலப் பக்கம் மலைச் சுவரோடு உரசித்தான் நிறுத்தினேன். அல்லாஹ் காப்பாற்றினான். அன்றிலிருந்து எந்தக் கியரில் ஏறுவேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன், எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு.

பிறகு கராஜில் கேட்டபோதுதான் விளங்கியது: நியூட்றலில் டீசல் மிச்சமும் இல்லை. கியரில் இருந்தபடி அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது, பம்ப் டீசலை முழுதாக வெட்டிவிடும். நியூட்றலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் தேவை. நியூட்றலில் இறங்குகிறவன் டீசலையும் செலவழித்து உயிரையும் பணயம் வைக்கிறான். வாசிக்கிற இளம் றைவர்மார் தயவுசெய்து இதை மனதில் எடுங்கள்.

முதலாளிமாருக்கும் ஒன்று. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் பயணத்துக்கு இத்தனை லீற்றர் என்று கட்டிவிட்டார்கள், மிஞ்சினால் சம்பளத்தில் வெட்டு. டயர் மொட்டை, டீசல் தெளிக்கிற நொசில் ஒழுகல், எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. றைவர் களவெடுத்தான் என்பதுதான் முதல் பேச்சு. அப்படிச் செய்தால் றைவர் உண்மையைச் சொல்ல மாட்டான். லொறி இழுக்கவில்லை என்று சொன்னால் பழி தன்மேல் வரும் என்று பேசாமல் இருப்பான்.

களுவாஞ்சிக்குடி லொறிக்காரன் | ஒக்டோபர் 13

அக்கரைப்பற்றுக் காக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மார்ச்சில் நின்ற லொறியின் றைவரிடம் இன்று பின்னேரம் போய்க் கேட்டேன். "பெப்ரவரியிலேயே இழுவை கூடத் தெரிஞ்சது, சொன்னா ஏசுவியள் எண்டு விட்டுட்டன்" என்றான். எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி அவன். என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறான்.

இந்த மாதத்தில் இருந்து மாற்றுகிறோம். சம்பளத்தில் வெட்டு இல்லை. மிச்சம் பிடித்த டீசலில் பாதிக் காசு றைவருக்கு. கொப்பியில் ஒரு வரி இழுவை, சத்தம், சூடு என்று எழுதினால் அதற்கு ஏச்சு இல்லை, நன்றிதான்.

படுவான்கரை டிப்பர் | ஒக்டோபர் 14

எங்களுக்கு இந்தக் கிலோமீற்றர் கணக்குச் சரிவராது. மணலும் கிரவலும் ஏற்றுகிற டிப்பர் நாளுக்கு எண்பது கிலோமீற்றர் ஓடினால் பெரிது. ஆனால் எஞ்சின் பத்து மணித்தியாலம் ஓடும். நான் எழுதுவது லோட்டுக்கு எத்தனை லீற்றர் என்று. ஒயில் மாற்றுவதும் மணித்தியாலக் கணக்கில்தான்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. உலர்ந்த மணலே கிட்டத்தட்ட நாலரைத் தொன் வரும், ஈர மணல் அதைவிடக் கூட. மூன்று கியூப் பெட்டியில் பலகையை உயர்த்தி நாலு ஏற்றினால் மழை நாளில் பதினெட்டுத் தொன்னைத் தாண்டும். லோட்டுக்கு லீற்றர் என்று பார்த்தால் லாபம் போலத்தான் தெரியும். ஸ்பிரிங் தகடு உடைந்து, கிளட்ச் கருகி, வெட்டைக்குள் இரண்டு நாள் நின்றபோது அந்த லாபம் எல்லாம் ஒரே நாளில் போனது.

அப்புறம் எயார் பில்டர். புழுதி றோட்டில் அது மூன்று நாளில் அடைக்கும். அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறிக் கறுப்புப் புகை கக்கும், டீசல் வீண். எங்கள் பொடியன்மார் அதைக் கழற்றி டயரில் அடித்துத் தட்டுவார்கள். கடதாசி மடிப்பு கிழிந்து புழுதி நேரே எஞ்சினுக்குள் போகும். ஒரு எஞ்சினையே இதில் இழந்தேன், கழற்றிப் பார்த்தால் லைனர் மேல் விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது. உள்ளிருந்து வெளியே, மெதுவான காற்றில் ஊதுங்கள், கிட்டப் பிடித்து ஊத வேண்டாம். ஊதிய பிறகு உள்ளே ஒரு லைற்றைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் எறிந்துவிடுங்கள்.

ஏறாவூர் கன்டர் | ஒக்டோபர் 15

டயருக்கு எவ்வளவு காற்று விடுவது? கடையில் "அடிச்சாச்சு" என்று மட்டும்தான் சொல்வார்கள்.

சம்மாந்துறை ஆலை | ஒக்டோபர் 15

டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், அந்தப் பாரத்துக்கு அந்தக் காற்று. குறைவாக இருந்தால் டயர் நசிந்து நசிந்து ஓடும், டீசல் கூடும். பத்து வீதம் குறைந்தால் டீசல் ஏறக்குறைய ஒரு வீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கி, காலையில் குளிர்ந்த டயரில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் பார்த்தால் கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் பிழை. சோடி டயரில் உள் டயரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், வால்வுக்குக் கை எட்டாது என்று. நீட்டு வால்வு ஒன்று பூட்டினால் எட்டும். ரீபில் (மேலே புது ரப்பர் ஒட்டிய பழைய) டயரையும் புது டயரையும் ஒரே சோடியில் போடாதீர்கள். விட்டம் வேறுபட்டால் ஒன்று மற்றதை றோட்டில் இழுத்துக்கொண்டே போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். பெரும்போக வெட்டுத் தொடங்கினால் ஒன்றரை, இரண்டு மாதம் லொறிக்கு ஓய்வில்லை. அந்த நேரத்தில் கராஜுக்குப் போனால் பாஸுக்கும் நேரமில்லை, சாமானும் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டாலும் ஒரு நாள் போய்விடும். மழையில் ஓட்டம் குறைந்திருக்கிற மார்கழியில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து ஹப், கிளட்ச், பிரேக், நொசில் எல்லாவற்றையும் பாருங்கள். பான் பெல்ட், டீசல் பில்டர், ரேடியேற்றர் ஹோஸ், எயார் பிரேக் டயப்ரம் ஒவ்வொன்றும் லொறியிலேயே இருக்க வேண்டும். நாங்கள் பழைய லொறிகளைக் கொடுத்து ஒரே மொடலாக மாற்றி வருகிறோம். 2020 இல் இறக்குமதி நின்று 2025 வரை புது லொறிக்கு வழியே இல்லாமல் இருந்தபோது, ஒரே மொடல் வைத்திருந்தவர்தான் ஒன்றின் சாமானை மற்றதற்குப் போட்டுத் தப்பினார்.

கல்முனை கராஜ் | ஒக்டோபர் 16

அதோடு டீசல் பில்டருக்குக் கீழே உள்ள தண்ணீர் பிரிப்பானைக் காலையில் ஸ்டார்ட் பண்ண முன் திறந்து விடுங்கள். பாதி டாங்கியோடு இரவில் நிறுத்தினால் உள்ளே காற்று குளிர்ந்து வியர்க்கும், அந்தத் தண்ணீர் அடியில் இறங்கும். கொமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கிற) லொறி என்றால் கட்டாயம், துளித் தண்ணீர் நொசிலைக் கொன்றுவிடும். முடிந்தால் பின்னேரம் வந்ததும் டாங்கியை நிரப்பி வையுங்கள்.

வெள்ளத்துக்குள் போய் வந்த லொறியில் அடுத்த நாளே கிறீஸ் அடியுங்கள், பழைய கிறீஸ் தள்ளுப்பட்டு வெளியே வரும்வரை. டிப்ரென்சல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஒயிலைவிடத் தண்ணீர் பாரம், அதுதான் முதலில் வரும்.

களுவாஞ்சிக்குடி லொறிக்காரன் | நவம்பர் 21

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். நாலு பெரிய லொறியிலும் ஹப் திறந்தோம். இரண்டில் கிறீஸ் வெள்ளையாகக் கிடந்தது. மூன்று லொறியில் தேமோஸ்டற் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அப்பா காலத்திலேயே கழற்றியிருக்கிறார்கள். முதல் லொறியின் ரேடியேற்றரைச் சுத்தம் செய்து, புதுத் தேமோஸ்டற் பூட்டி, மூன்று பயணம் ஓடியாயிற்று: 3.7, 3.8, 3.9. ஊசி நடுவில் நிற்கிறது, ஹபரணைப் பக்கம் பாரத்தோடு போனபோதும் ஏறவில்லை.

மார்ச்சில் நின்ற லொறியின் றைவர் போன செவ்வாய் மன்னம்பிட்டியில் இருந்து போன் எடுத்தான். முன் வலது ஹப் மற்றதைவிடச் சுடுகிறது, ஓடவா நிறுத்தவா என்று கேட்டான். நிறுத்தச் சொன்னேன். பக்கத்துக் கராஜில் சூவைத் தளர்த்திக்கொண்டு இரண்டு மணித்தியாலத்தில் புறப்பட்டான். கொப்பியில் அவனே எழுதியிருக்கிறான்: "முன் வலது சூடு. தளர்த்தினது. வீட்ட வந்து கிறீஸ் பார்க்கோணும்."

இரண்டாவது லொறியை வியாழக்கிழமை படுக்க வைக்கிறோம். கல்முனைக் காக்கா, அதன் எஞ்சினில் பக்க வழி அடைபடுகிற மாதிரித் தேமோஸ்டற்றா சாதாரணமா என்று தெரியவில்லை. மூடியைக் கழற்றியதும் படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.